வானேறும் மூச்சு – 14: வார்டு சிலிண்டர் விமானம் ஏறுமா?

சின்ன விமானத்தில் எடுத்துச் செல்லும் ஆக்சிஜன் கருவிக்கு ஐந்து உறுப்புகள் உண்டு: சிலிண்டர், ரெகுலேட்டர், ஃப்ளோமீட்டர், மூக்குக் குழாய் அல்லது மாஸ்க், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். ஐந்தும் மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் கிடைப்பவைதான். அவற்றில் எது விமானத்துக்கு ஒத்துவரும், எது வராது என்பதே இந்த வாரத்துச் செய்தி. 18,000 அடியில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் பாதி என்பது சென்ற வாரமே சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் தாம்பரத்துக்கு இரட்டைப் பாத்தியதை உண்டு. டாக்டர் சௌரி முத்து 1928இல் இங்கே காசநோய் சானடோரியத்தைத் திறந்தார். அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் நோயாளியாகச் சேர்ந்தது அங்கேதான். சுத்தமான காற்றே மருந்து என்று நம்பிய காலம் அது. தாம்பரத்து விமானப்படைத் தளத்தில் பறக்கும் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இயங்குகிறது. வானேறக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி. மூச்சைப் பிடித்துவைக்கும் இரண்டு தொழில்களும் ஒரே ஊரில்.

முதல் கேள்வி, ஆக்சிஜன் யாருக்குத் தேவை என்பது. பன்னாட்டு சிவில் விமான அமைப்பின் ஆறாம் இணைப்புப்படி, அழுத்தம் காக்கப்படாத விமானத்தில் 10,000 அடியிலிருந்து 13,000 அடி வரை அரை மணி நேரத்துக்கு மேல் பறந்தால் விமானிக்கு ஆக்சிஜன் வேண்டும். 13,000 அடிக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் வேண்டும். அமெரிக்க விதியில் இந்தக் கணக்கு 12,500 அடியில் தொடங்குகிறது. இரவில் கண்ணின் விழித்திரைதான் முதலில் தடுமாறும் என்பதால் 5,000 அடியிலிருந்தே பயன்படுத்துவது நல்லது என்று அந்நாட்டு விமானத்துறை அறிவுறுத்துகிறது.

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது சுமார் 8,650 அடி. சென்னையிலிருந்து கிளம்பும் நான்கு இருக்கை விமானம் மலைகளைத் தாண்டுவதற்கென்று 10,000 அடிக்கு மேல் ஏற வேண்டியதில்லை. மேகத்துக்கு மேலே போக நினைக்கும்போதும், வடக்கே இமயமலைப் பக்கம் போகும்போதும்தான் ஆக்சிஜன் பேச்சு வரும். லே விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் 10,600 அடியைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கே தரையில் நிற்கும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்.

இனி சிலிண்டர். இந்தியாவில் ஆம்புலன்ஸ்களில் பார்க்கும் ஏ-டைப் சிலிண்டர் சின்ன விமானத்துக்கு ஏற்ற அளவு. சுமார் ஐந்து லிட்டர் கொள்ளளவில் 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 750 லிட்டர் வாயு கிடைக்கும். வார்டில் நிற்கும் 7 கன மீட்டர் ஜம்போ சிலிண்டருக்கு விமானத்தில் இடமும் கிடையாது, எடைக் கணக்கும் ஒத்துவராது. இரும்பைவிட அலுமினிய சிலிண்டர் இலகு. எதை எடுத்தாலும் அதன் எடையை விமானத்தின் எடை, சமநிலைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனை நடக்க வேண்டும். அந்தத் தேதி உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தேதி தாண்டிய சிலிண்டர் விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உள்ளே இருக்கும் வாயுவில் பெரிய பேதம் கிடையாது. காற்றைக் குளிரவைத்து, மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜனாகப் பிரித்தெடுக்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் போவது பெரும்பாலும் அந்த ஒரே தொட்டியிலிருந்துதான். விமானத்துக்கு விதிக்கப்படும் தனி நிபந்தனை உலர்வு: ஒரு லிட்டர் வாயுவில் நீர் 0.005 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உயரத்தின் குளிரில் ஈரம் உறைந்து வால்வை அடைத்துவிடும் என்பதே காரணம். வார்டில் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குப்பியை விமானத்தில் மாட்டக் கூடாததற்கும் இதுவே காரணம். குலுங்கும்போது அந்தத் தண்ணீர் குழாய்க்குள்ளும் ஏறும்.

கொரோனா இரண்டாம் அலையில், 2021இல், பல வீடுகளில் கான்சன்ட்ரேட்டர் வாங்கி வைத்தார்கள். சிலிண்டர் நிரப்பும் தொல்லை இல்லையே, அதையே விமானத்தில் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அந்தக் கருவி சுற்றியுள்ள காற்றை உறிஞ்சி, ஜியோலைட் மணிகளில் நைட்ரஜனைப் பிடித்துவைத்துவிட்டு மிச்சத்தைத் தருகிறது. 15,000 அடியில் உறிஞ்சுவதற்கு இருக்கும் காற்றே தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் குறைவு. அதனால் ஆக்சிஜன் மிகவும் தேவைப்படும் இடத்தில் கருவியின் திறன் குறைகிறது. கையில் எடுத்துச் செல்லும் வகைகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10,000 அடியோடு எல்லை கட்டுகிறார்கள். விதிப்படி ஆக்சிஜன் தேவைப்படத் தொடங்கும் உயரமும் அதுவே.

ஆனால் இதே ஜியோலைட் வித்தை போர் விமானத்தில் பலிக்கிறது. தேஜஸ் விமானத்தில் எஞ்சின் ஏற்கெனவே அழுத்திய காற்று கிடைப்பதால், பறந்துகொண்டே ஆக்சிஜன் தயாரிக்கும் கருவியை அதற்கென்று டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்தது. அதே நுட்பம் 2021இல் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் ஆஸ்பத்திரி ஆலைகளாக மாறியது. அவற்றைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்ற நிறுவனங்களில் கோயம்புத்தூரின் ட்ரைடென்ட் நியுமாடிக்ஸும் ஒன்று. விமானத்திலிருந்து வார்டுக்கு வந்த சரக்கு அது.

ரெகுலேட்டர் 150 பாரை மூக்கு தாங்கும் அழுத்தத்துக்குக் குறைக்கிறது. இங்கே பெரிய சிலிண்டர்களில் புல்-நோஸ் வால்வு, சின்ன மருத்துவ சிலிண்டர்களில் பின்-இண்டெக்ஸ் வால்வு. பின்-இண்டெக்ஸில் ஆக்சிஜனுக்கு உரிய ஊசிகள் இரண்டாம், ஐந்தாம் இடங்களில் இருக்கும். இது உலகப் பொதுவான ஏற்பாடு. வேறு வாயுவின் சிலிண்டர் அதில் உட்காரவே உட்காராது. வெளிநாட்டிலிருந்து வரும் விமான ரெகுலேட்டர்கள் பலவற்றில் அமெரிக்க மரை இருக்கும். அதை நம் ஊர் வால்வோடு சேர்க்க லேத் பட்டறையில் இணைப்பு கடைந்து வாங்குவது உயிரோடு விளையாடுவது. வால்வுக்குப் பொருந்தும் ரெகுலேட்டரை வாங்குவதே வழி.

ஃப்ளோமீட்டரைப் பொறுத்தவரை, வார்டில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை காட்டுவது வழக்கம். விமானத்தில் ஓர் ஆளுக்குத் தேவை ஒவ்வொரு 10,000 அடிக்கும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்பது பொதுக் கணக்கு. 15,000 அடியில் ஒன்றரை லிட்டர். இரண்டு பேருக்கு மூன்று லிட்டர். ஏ-டைப் சிலிண்டரின் 750 லிட்டரில் கால் பங்கைத் தொடாமல் ஒதுக்கிவிட்டால், மிச்சம் சுமார் மூன்று மணி நேரத்துக்கு வரும். மூச்சை வெளியே விடும் நேரத்தில் வரும் வாயுவைச் சேர்த்துவைக்கும் சின்னப் பை கொண்ட மூக்குக் குழாய் இருந்தால் இந்த நேரம் இரண்டு மடங்குக்கும் நீளும். மூச்சு இழுக்கும்போது மட்டும் வாயுவைத் திறக்கும் மின்னணுக் கருவி அதையும் மிஞ்சும். ஆனால் அதற்குப் பேட்டரி வேண்டும். விமானத்துக்கென்று செய்த ஃப்ளோமீட்டரில் லிட்டருக்குப் பதில் உயரத்தையே குறித்திருப்பார்கள்: 15,000 என்ற கோட்டுக்குப் பந்தை ஏற்றினால் போதும். பந்து சரியாகக் காட்ட மீட்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மூக்குக் குழாய் 18,000 அடி வரைக்கும்தான். அதற்கு மேல் மாஸ்க், அதுவும் உள்ளே மைக் வைத்தது. இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு அறையோடு பேச அதைக் கழற்ற வேண்டிவரும். மூக்கடைப்பு இருப்பவருக்கு எந்த உயரத்திலும் மாஸ்க்கே நல்லது. உலர்ந்த வாயுவில் மூக்கும் உதடும் வறளும். வாஸ்லீனோ எண்ணெயோ தடவக் கூடாது. சுத்த ஆக்சிஜனில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும்.

ஐந்தாவது உறுப்பான ஆக்சிமீட்டருக்குச் சற்று இடம் விட வேண்டும். அது வார்டிலிருந்து விமானத்துக்குப் போனதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது மறுதலை. இரண்டாம் உலகப் போரில் உயரத்தில் விமானிகள் மயங்கியபோது, அவர்கள் காதில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் கருவியை 1940களின் தொடக்கத்தில் செய்தவர் கிளென் மில்லிகன். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1923இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மில்லிகனின் மகன். கிளென் மணந்த கிளேர், எவரெஸ்டில் 1924இல் மறைந்த ஜார்ஜ் மலரியின் மகள். ஆக்சிஜன் எடுத்துச் செல்வதா வேண்டாமா என்று அந்தக் காலத்து மலையேறிகள் மல்லுக்கு நின்ற விவாதத்தின் நடுவில் இருந்தவர் மலரி. 1922இல் அவர் ஆக்சிஜன் இல்லாமல் ஏறிய உயரத்தை, அதே பயணத்தில் ஆக்சிஜனோடு ஏறிய ஃபின்ச் முந்திவிட்டார். 1924இல் மலரி ஆக்சிஜனோடு கிளம்பினார், திரும்பவில்லை.

அந்த 1922 ஏற்றத்தில் மலரியோடு ஆக்சிஜன் இல்லாமல் ஏறியவர்களில் ஒருவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தையும் டாக்டர்களின் பற்றாக்குறையையும் கண்டு, லண்டனில் காத்திருந்த வாய்ப்பை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர்தான். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனபோது உலர்ந்த குளிர்காற்றில் தொண்டைச் சவ்வு உரிந்து அடைத்து, மூச்சுத் திணறிச் சாவின் விளிம்புக்குப் போய், தன் மார்பைத் தானே அழுத்தி அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். மலரி கடைசியாக எடுத்துச் சென்ற கேமரா சோமர்வெல்லுடையது. மலரியின் உடல் 1999இல் கிடைத்தும் கேமரா இன்னும் கிடைக்கவில்லை. கிளென் மில்லிகனும் 1947இல் அமெரிக்காவின் டென்னசியில் பாறை ஏறும்போது இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து, நாடித்துடிப்பைக் கொண்டே அளக்கும் வழியை ஜப்பானின் தாக்குவோ அயோயாகி 1974இல் கண்டார். உலகமே ஆக்சிமீட்டரை விரலில் மாட்டத் தொடங்கிய 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

விமானத்தில் அதைப் படிக்கும்போது நான்கு எச்சரிக்கைகள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். நேர் வெயில் பட்டால் தப்பாகக் காட்டும். கையால் மறைத்துப் படிக்க வேண்டும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. நம்மவர்களுக்கு இது முக்கியம். நான்காவது மிக ஆபத்தானது: எஞ்சின் புகை கசிந்து கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால், அதையும் ஆக்சிஜனாகவே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். அதற்குத் தனியாக ஒரு கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் வேண்டும்.

பொருத்தும் முறை எளிது. சிலிண்டரை முன் இருக்கைகளுக்கு இடையிலோ பின்னாலோ பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். வால்வு விமானியின் கைக்கு எட்டவும், அழுத்தமானி கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். 1875இல் பிரான்சில் ஜெனித் பலூனில் ஏறிய மூவரில் இருவர் இறந்தார்கள். ஆக்சிஜன் குழாய் பக்கத்திலேயே இருந்தும், உயிர் தப்பிய திசாந்தியேவால்கூடக் கையைத் தூக்கி அதைப் பிடிக்க முடியவில்லை. குழாய் இருக்கையின் தண்டவாளத்தில் நசுங்காதபடி ஓட வேண்டும். 1933இல் பூர்ணியாவிலிருந்து கிளம்பி எவரெஸ்டுக்கு மேலே பறந்த விமானத்தில் ஒளிப்பதிவாளர் போனட்டின் குழாய் உடைந்தது; கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியும் மயங்கி விழுந்தார்.

வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் அழுத்தத்தின் சூட்டிலேயே ரெகுலேட்டர் பற்றக்கூடும். தாம்பரத்து மே மாத வெயிலில் காருக்குள் சிலிண்டரை விட்டுவிடக் கூடாது: 25 டிகிரியில் 150 பார் இருந்தது 50 டிகிரியில் 160ஐத் தாண்டும். மேலே குளிரில் நேர்மாறாக, செலவழிக்காமலே முள் 140க்குக் கீழே இறங்கிக் காட்டும். கசிவு என்று பதற வேண்டாம். கிளம்பும் முன் அழுத்தம், ரெகுலேட்டர், ஓட்டம், இணைப்புகள், கைவிட்டால் என்ன செய்வது என்ற வரிசையில் சரிபார்க்க வேண்டும். கூட வருபவருக்கும் அதே பாடத்தை மாட்டிக் காட்டிச் சொல்லித்தர வேண்டும்.

ஆக்சிஜன் குறைவின் கெட்ட குணம், அது சுகமாக இருப்பது. தப்பு செய்துகொண்டே எல்லாம் நன்றாகப் போவதாகத் தோன்றும். பெங்களூர் விண்வெளி மருத்துவ நிறுவனத்தின் தாழ்அழுத்த அறையில் விமானப்படையினரை உட்காரவைத்து அதை உணரச் செய்வது இதற்காகவே. 18,000 அடியில் ஆக்சிஜன் நின்றால் தெளிவாகச் செயல்பட இருபது, முப்பது நிமிடம் கிடைக்கும். 25,000 அடியில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். விரலில் எண் 90க்குக் கீழே போனால் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். கூட்டியும் ஏறாவிட்டால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கீழே இறங்க வேண்டும்.

ஆக, கடையிலிருந்து விமானத்துக்குப் போகத்தக்கவை சின்ன சிலிண்டர், மூக்குக் குழாய், ஆக்சிமீட்டர். ரெகுலேட்டரும் ஃப்ளோமீட்டரும் விமானத்துக்கென்று செய்தவையாக இருக்கட்டும். கான்சன்ட்ரேட்டரும் தண்ணீர்க் குப்பியும் வீட்டிலேயே இருக்கட்டும். சிலிண்டரை நிரப்பும் முறையும் இந்த வாரமே வருவதாக இருந்தது; நெய்யூர் போய்வந்ததில் இடம் தீர்ந்துவிட்டது. அது அடுத்த வாரம்.