சூளைக்குள் கட்டும் வளையம்

ஆலங்குளத்திலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊர் அரசு சிமென்ட் ஆலைச் சூளைக்குள் நடப்பதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க முடியுமா?"

ஆலை 1970-இல் வந்தது. சுண்ணாம்புக்கல் சிமென்ட்டாகும் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் நேரே சுழலும் சூளையின் தீ எரியும் முனைக்குப் போகலாம். அங்கே சரக்கின் சூடு சுமார் 1,450 டிகிரி செல்சியஸ். அப்போதும் நூற்றுக்கு 20 முதல் 30 பங்குதான் உருகும். மீதி துகளாகவே புரளும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க் கொப்பரையில் பாகு கடலையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, உருகிய குழம்பு துகள்களைப் பிடித்து, கிளிங்கர் எனப்படும் உருண்டைகளாக்கும்.

என்னை வியக்கவைப்பது சூளைச் சுவர். குழம்பும் துகளும் கொஞ்சம் சுவரின் செங்கல்லில் ஒட்டி இறுகும். அந்தப் பூச்சுதான் செங்கல்லைக் காப்பாற்றுகிறது. அதுவே ஓரிடத்தில் மேலும் மேலும் தடித்தால் வளையமாகிச் சூளையை அடைக்கும். பின்னால் சரக்கு தேங்கும், காற்றோட்டம் குறையும். வளையத்தை உடைக்கவென்றே செய்த கனத்த துப்பாக்கிகள் உண்டு. சூளை வாயிலிருந்து சுடுவார்கள்!

காக்கும் பூச்சு எப்போது அடைக்கும் வளையமாகிறது? கம்ப்யூட்டர் கணக்கின் சிக்கலே இதுதான். தீயையும் காற்றையும் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடலாம். துகள்களுக்கு, கண்டால் (Cundall), ஸ்ட்ராக் (Strack) என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979-இல் விளக்கிய முறை இருக்கிறது: எந்தத் துகள் எதை எவ்வளவு விசையோடு இடிக்கிறது, அடுத்த நொடித்துளியில் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிடுவது. நிஜச் சூளைத் துகள்களுக்குக் கணக்கே இல்லை. ஆகவே பெரிய துகள் ஒன்றைப் பல சிறு துகள்களுக்குப் பதிலாக வைக்கிறார்கள். ஆனால் பாதி உருகிய துகளின் ஒட்டும் தன்மைக்கு என்ன எண் கொடுப்பது? சூடு சற்று மாறினாலும், சரக்கில் காரம் கூடினாலும் அந்த எண் மாறிவிடும்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். கல்லூரிகளில் பலர் ஆயத்த மென்பொருளில் கிடைத்த எண்ணைப் போட்டு, சிவப்பும் நீலமுமாகப் படம் வந்ததும் ப்ராஜெக்ட்டை முடித்துவிடுகிறார்கள். சூளை ஓட்டின் வெளிச்சூட்டை அளந்து ஒப்பிட்டால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. நீலக் கண்ணாடி வழியே தீயைப் பார்த்தே சூளையை ஓட்டியவர்களின் அறிவை நாம் எழுதி வைக்கவே இல்லை. அது பெரிய இழப்பு.

தம்பி, மென்பொருளைத் திறக்குமுன் சூளையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போங்கள். வளையம் கட்டப்போகிறது என்பதை எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்தார், அப்போது தீயையும் சுழற்சியையும் எப்படி மாற்றினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.