ஹலோ, ஹலோ... மைக் டெஸ்டிங்!

2019-ல் டெக்ஸாஸ் போயிருந்தேன். அத்தானின் பிக்கப் வண்டியில் சி.பி. ரேடியோ மாட்டப் போகிறோம் என்றதும் எனக்கு ஒரே குஷி. லைசென்ஸா? அமெரிக்காவில் 1983-லேயே அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டார்கள். 40 சேனல், 4 வாட்ஸ் பவர். நம் வீட்டு ஜீரோ வாட்ஸ் பல்புகூட இதைவிட அதிகம் தின்னும்!

பாட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் வைத்து ஒயர் இழுத்தோம். கூரை நடுவில் ஆன்ட்டெனா. "பேசிடலாமா அத்தான்?" என்று மைக்கைத் தூக்கினேன்.

"கை வைக்காதே மாப்ளே! எஸ்.டபிள்யூ.ஆர். பார்க்காம அமுக்கினா செட்டு புகைஞ்சிடும்."

ஆன்ட்டெனா நீளம் பொருந்தாவிட்டால், அனுப்பிய பவரில் ஒரு பங்கு செட்டுக்கே திரும்பி வருமாம். பி.காம். பாஷையில், பவுன்ஸ் ஆன செக்! மீட்டர் மூன்றுக்கு மேல் காட்டியது. கம்பியை இம்மி இம்மியாக ஏற்றி இறக்கி ஒன்றரைக்குக் கொண்டு வர ஒரு மணி நேரம். எனக்குக் கொட்டாவி.

மறுநாள் ஐ-10 நெடுஞ்சாலை. லாரிக்காரர்களின் சேனல் 19-ல் பாதி புரிந்தும் புரியாமலும் ஏதோ இங்கிலீஷ். திடீரென்று ஒரு குரல்: மேடு தாண்டினதும் வலது லேனில் லாரி கவிழ்ந்து கிடக்கு!

"டென் ஃபோர்" என்ற அத்தான், வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒதுங்கினார். மேடு இறங்கினால், நூறடியில் லாரி. பின் சீட்டில் அக்காவும் குழந்தையும்.

அத்தான் மைக்கை நீட்டினார். "பின்னால வர்றவங்களுக்கு நீ சொல்லு."

நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஹலோ, ஹலோ... லாரி... ரைட் லேன்..." என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டேன். பதிலே இல்லை.

"பட்டனை விடு மாப்ளே! விட்டாத்தான் அவன் பேசறது கேக்கும்."

விட்டேன். யாரோ, "டென் ஃபோர், தேங்க்யூ!"