கப்பலேறிப் போன 'பப்'!

"மதுக்கடையைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! இதில் பெண்களின் கதையும் இருக்கிறது.

அயர்லாந்துக் கிராமத்தில் 'பப்' என்றால் வெறும் குடிக்கும் இடமல்ல. பல பப்புகளில் மளிகைக் கடையும் சேர்ந்தே இருக்கும். டிங்கிள் என்ற ஊரில், 'டிக் மாக்ஸ்' பப்பில் ஒரு புறம் செருப்புத் தைத்தார்கள். மறு புறம் பீர் ஊற்றினார்கள். ஊர் வம்பு, பிடில், பாட்டு எல்லாம் இத்தகைய பப்புகளில்தான்.

பெண்கள்? அவர்களுக்கு மூலையில் மரத் தடுப்புப் போட்ட சின்ன அறை, பெயர் 'ஸ்நக்'. சிறு ஜன்னல் வழியே கோப்பை வரும். யார் கண்ணிலும் படாமல் குடித்துவிட்டுப் போகலாம்.

1990-களில் மெல் மக்நாலி என்ற கட்டடக் கலைஞரின் டப்ளின் கம்பெனி, பப்பையே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. கின்னஸ் பீர்க் கம்பெனியும் கை கொடுத்தது. மேஜை, நாற்காலி, மரத் தடுப்பு யாவும் அயர்லாந்தில் தயாராகிக் கப்பலேறின. கிராமக் குடிசை பாணியா, விக்டோரியா காலத்துப் பாணியா? இஷ்டம்போல் பொறுக்கிக்கொள்ளலாம்!

வேடிக்கையைப் பாருங்கள்: அன்று பெண்களை மறைத்து வைத்த ஸ்நக், இன்று வெளிநாட்டுப் பப்புகளில் அழகுப் பொருள்! அயர்லாந்திலோ, பெண் என்பதற்காக மது தர மறுப்பதை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

ஆனால் அங்கே கிராமத்துப் பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. மரத் தடுப்பைக் கப்பலில் அனுப்பலாம். நுழைந்ததும் பெயர் சொல்லி அழைத்து, "அம்மாவுக்கு உடம்பு தேவலையா?" என்று விசாரிக்கும் அண்டை வீட்டுக்காரரை எந்தப் பெட்டியில் வைத்து அனுப்புவது?