குறுக்கிய இரைப்பையும் பழைய கோப்பையும்

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் அருந்தும் மது, முன்னர் அவர் அருந்திய அதே வகையாகவும் அதே அளவாகவும் இருப்பினும், அவருடைய குருதியில் முன்னைப் போலச் சேர்வதில்லை; விரைவாகவும் கூடுதல் செறிவோடும் சேர்கிறது. குடிப்பழக்கம் உள்ளவர் எவரும் ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் தமக்குரிய அளவொன்றை அறிந்து வைத்திருப்பர்: எத்தனை கோப்பைக்குப் பின் நாக்கு குழறும், எத்தனைக்குப் பின் மோட்டார் சைக்கிளை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனக்கணக்காகத் தெரியும். அறுவை அந்தக் கணக்கைத்தான் செல்லாததாக்குகிறது. ஆனால் அது செல்லாமற் போனதை உடல் முன்கூட்டி அறிவிப்பதில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தெற்கே, மலாக்கா எல்லையை ஒட்டி அமைந்த தம்பினும், அதே பெயருடைய மாவட்டத்துக்கு உட்பட்ட கெமெஞ்சே, கெமாஸ் வட்டாரங்களும், முதலில் பால்மரத்தையும் பின்னர் செம்பனையையும் நம்பித் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய இடங்களாகும். விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பெரும்பாலும் தொழிற்சாலையிலோ, லாரி ஓட்டுவதிலோ, பாதுகாவலர் பணியிலோ இருக்கின்றனர். உழைப்பின் தன்மை மாறிவிட்ட அளவுக்குத் தட்டில் விழும் சோற்றின் அளவு மாறவில்லை. மலேசியச் சுகாதார அமைச்சு 2019 இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோருள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்களாக இருந்தனர். இந்தியர்களிடையே அது 63.9 விழுக்காடாக, எல்லா இனத்தவரையும் விட உயர்ந்து நின்றது. நீரிழிவிலும் இந்தியர்களே முன்னிலையில், 31.4 விழுக்காட்டோடு, இருந்தனர். அறுவைச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு தோட்டப்புறம் வரை வந்து சேர்ந்ததற்கு இந்த எண்களே போதிய காரணமாகும்.

இத்துறையின் இரு முதன்மைச் சங்கங்கள் 2022 இல் வெளியிட்ட பரிந்துரை, ஆசியர்களுக்கு உடற்பருமன் குறியீட்டெண் 27.5 ஐத் தாண்டினாலே இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று எல்லையைத் தாழ்த்தியது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணே இக்குறியீட்டெண். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 27.5 என்பது ஏறத்தாழ எழுபது கிலோ எடையைக் குறிக்கும். செய்யப்படும் அறுவைகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலோ வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய் போல விட்டுவைக்கும் ஸ்லீவ் அறுவை. மற்றொன்று, இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையொன்றை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடும் பைபாஸ் அறுவை. இதன் முதல் வடிவத்தை அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1960களின் நடுவில் உருவாக்கினார்.

இரைப்பைக்கும் மதுவுக்கும் உள்ள உறவை அறிந்தால்தான் இவ்வறுவைகளின் விளைவு விளங்கும். மது பெரும்பாலும் உறிஞ்சப்படுவது இரைப்பையில் அன்று, சிறுகுடலில். இரைப்பையின் அடிவாயிலில் உள்ள தசை வளையம் உள்ளிருப்பதைச் சிறிது சிறிதாகவே குடலுக்கு விடுகிறது. உணவு நிறைந்திருக்கும்போது அது மேலும் தாமதிக்கிறது. அத்தாமத நேரத்தில் இரைப்பைச் சுவரிலுள்ள நொதியொன்று மதுவின் ஒரு பகுதியைச் சிதைத்தும் விடுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறாது என்னும் வழக்கமான எண்ணத்தில் உள்ள உண்மை இவ்வளவே. பைபாஸ் செய்தவரிடம் அந்தத் தசை வளையம் உணவுப் பாதையிலேயே இல்லை. நொதியைச் சுரக்கும் சுவரும் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டுவிட்டது. ஸ்லீவ் செய்தவரிடம் வளையம் எஞ்சியிருப்பினும், குறுகிய குழாயில் அழுத்தம் மிகுந்திருப்பதால் திரவம் விரைந்து இறங்குகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பைபாஸ் செய்துகொண்ட பெண்களையும் அதற்காகக் காத்திருந்த பெண்களையும் ஒப்பிட்டு மார்த்தா யானினா பெப்பினோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2015 இல் வெளியிட்ட சிற்றாய்வு, இதைத் தெளிவான எண்களில் காட்டியது. இரு குழுவினருக்கும் அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மது அலகுகளுக்கு நிகரான மது கொடுக்கப்பட்டது. அறுவை செய்தவர்களின் குருதியில் அது, அறுவை செய்யாதவர்கள் நான்கு அலகுகள் அருந்தினால் எட்டும் உச்சத்தை எட்டியது. அதுவும் குடித்து முடித்த சில நிமிடங்களிலேயே. ஆய்வுக்கு உட்பட்டோர் இருபதுக்கும் குறைவு என்பது குறையே. எனினும் ஸ்லீவ் செய்தவர்களிடமும் இதே போக்கு இருப்பதை அவ்வாய்வாளர்கள் பின்னர் கண்டறிந்ததோடு, வேறு இடங்களில் நடந்த சோதனைகள் சிலவும் இதே திசையையே காட்டின.

அந்த அளவைத் தம்பின் கடைத்தெருவின் அளவுக்கு மாற்றிப் பார்ப்பது பயனுடையது. அமெரிக்க அலகொன்று 14 கிராம் தூய மதுவைக் குறிக்கும். ஐந்து விழுக்காடு மது கொண்ட 640 மில்லிலிட்டர் பெரிய பீர் போத்தலொன்றில் 25 கிராம் உள்ளது. அதாவது கிட்டத்தட்ட இரண்டு அலகு. அறுவை செய்தவர் அதை விரைந்து அருந்தினால், அவர் உடல் இரண்டு பெரிய போத்தலைச் சந்தித்ததாகக் கொள்ளலாம். பீரின் வாயு சிறுத்த வயிற்றை உப்பச் செய்வதால் அவ்வளவை ஒரே மூச்சில் பலரால் குடிக்க முடியாது என்பது ஒருவகைத் தடுப்பு. அத்தடுப்பே பின்னர் ஆபத்துக்கு வழிவிடுகிறது. பீர் இறங்காதவர் கொள்ளளவு குறைந்த, காரம் மிகுந்த மதுவை நாடுகிறார். சம்சு என்று மலேசியத் தமிழர் அறிந்துள்ள மலிவுச் சாராயம், 150 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சிறு போத்தலில் 38 விழுக்காடு வீதம் அடைக்கப்பட்டிருக்குமாயின், அதில் 45 கிராம் மது இருக்கும். சட்டைப் பையில் அடங்கும் அப்போத்தல், பெரிய பீர் போத்தலை விட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வலியது.

இங்குச் சாலையும் சேர்ந்துகொள்கிறது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம், குருதியில் அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்ததோடு, தண்டனைகளையும் கடுமையாக்கியது. தம்பினிலிருந்து கெமாஸ் நோக்கியோ சிரம்பான் நோக்கியோ இரவில் வண்டி ஓட்டும் ஒருவர், ஒரு போத்தலுக்கு ஒன்றும் ஆகாது என்னும் பழைய துணிவில் புறப்பட்டால், அந்த எல்லையைத் தாண்டியவராகவே பெரும்பாலும் இருப்பார்.

மேற்சொன்னவை ஒருநாள் குடியைப் பற்றியவை. நாளடைவில் நிகழ்வது இன்னும் ஆழமான செய்தி. அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 1,900 பேரைப் பின்தொடர்ந்து வென்டி கிங் குழுவினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், மதுவால் ஏற்படும் கோளாறு, அதாவது குடியைக் கட்டுப்படுத்த இயலாமை, அதனால் வேலையும் உறவும் கெடுதல் முதலிய அறிகுறிகளின் தொகுதி, அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 விழுக்காட்டினரிடமும், அறுவைக்குப் பிந்தைய முதலாண்டில் 7.3 விழுக்காட்டினரிடமும், இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அறுவைக்குப் பின் இக்கோளாறு காட்டியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முந்தைய ஆண்டில் அத்தகைய சிக்கல் ஏதும் இல்லாதவர்கள். அந்த நோயாளிகளையே தொடர்ந்து கவனித்ததில், பைபாஸ் செய்தவர்களுள் ஐந்தாண்டுகளுக்குள் ஐந்தில் ஒருவருக்குப் புதிதாக இவ்வறிகுறிகள் தோன்றின.

உணவின் மீதிருந்த பற்று மதுவின் மீது தாவிவிடுகிறது என்பது இதற்கு முதலில் சொல்லப்பட்ட விளக்கம். கேட்பதற்கு எளிதாக இருப்பதே அதன் பலமும் பலவீனமும். பைபாஸ் செய்யப்பட்ட எலிகளுக்கு மதுவை வாய்வழியாக அன்றி நேரே குருதிக் குழாய் வழியாகப் பெறும் வசதி செய்து 2013 இல் நடத்தப்பட்ட ஆய்வில், அறுவை செய்த எலிகள் செய்யாதவற்றை விடக் கூடுதலாகவே மதுவைத் தேடின. இரைப்பையையும் குடலையும் தாண்டிச் சென்ற மதுவுக்கும் அவை கூடுதலாக விழைந்தன என்றால், விரைந்த உறிஞ்சலோடு மூளையில் இன்பத்தை உணர்த்தும் பகுதிகளிலும் மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும். எலிக்கு ஆறுதல் தேடும் மனக்கவலையைக் காரணம் காட்டவும் இயலாது.

அறுவைக்குச் செல்வோரில் பெண்களே மிகுதி. வென்டி கிங் ஆய்வில் இடம்பெற்றவர்களிலும் அவ்வாறே. தோட்டப்புறத் தமிழரிடையே மதுவை எதிர்த்து நடந்த இயக்கங்களோ பெரும்பாலும் ஆண்களின் குடியையே கருத்தில் கொண்டவை. 1941 இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947 இல் கெடாவின் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. கள்ளுக்கடைக்கு எதிரில் நின்று குடிப்பவரை அடையாளம் காண்பது அன்று எளிதாக இருந்தது. இன்றோ, திருமண விருந்திலும் தீபாவளி விருந்திலும் ஒரு குவளை மதுவோடு நின்றுவிடும் பெண்ணொருத்தி, அறுவைக்குப் பின் அந்த ஒரு குவளையால் நிலை தடுமாறும்போது, அதை அவளும் வெளியில் சொல்வதில்லை, மருத்துவமும் கேட்பதில்லை. முனியாண்டி கோயில் படையலில் சுருட்டோடு வைத்த சாராயத்தைப் பிரசாதமாகச் சிறிது வாங்கிக்கொள்ளும் முதியவரும் தம்மைக் குடிப்பவராக எண்ணுவதில்லை.

மருத்துவம் கேட்கும் கேள்வியிலும் ஓர் ஓட்டை உள்ளது. மதுச் சிக்கலைக் கண்டறிய உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம், எத்தனை முறை, எத்தனை அலகு என்ற எண்ணிக்கைக்கும் மதிப்பெண் இடுகிறது. இரண்டு அலகு நான்காக மாறும் உடலில், அதே மதிப்பெண் உண்மையை விடக் குறைத்தே காட்டும். எண்ணிக்கையை விட, குடித்த பின் என்ன நிகழ்ந்தது என்னும் கேள்விகளுக்கே இங்கு எடை கூடுதலாக இருக்க வேண்டும். அறுவை நடந்தது கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற பெரிய மருத்துவமனையில் என்றால், தம்பினிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு வேலைநாளில் விடுப்பு எடுக்க வேண்டும். எடை இறங்கி, உடல் நலமாகத் தோன்றும் இரண்டாம் ஆண்டில் அப்பயணம் தேவையற்றதாகத் தெரிவது இயல்பு. சிக்கல் தலைதூக்குவதும் அந்த ஆண்டில்தான். ஆதலால் மதுவைப் பற்றிய கேள்வியை, இரத்த அழுத்த மாத்திரைக்காக மாதந்தோறும் செல்லும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கே கேட்பது பொருத்தமாக இருக்கும்.

காயம் ஆறும் முதல் ஆறு மாதங்களுக்கேனும், பலர் கருத்துப்படி ஓராண்டுக்கேனும், மதுவை முற்றாகத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்; முன்பே குடிச் சிக்கல் இருந்தவர்களுக்கு அத்தடை வாழ்நாளுக்கும் உரியது. பைபாஸ் செய்தவருக்கு, குடலை இணைத்த இடத்தில் புண் தோன்றும் ஆபத்து உண்டு. அதைப் புகையும் வலிமாத்திரைகளும் வளர்க்கின்றன, மதுவும் உறுத்துகிறது. சர்க்கரைக் குறைவு இன்னொன்று. உணவில்லாத வேளையில் கல்லீரல் சர்க்கரையை உருவாக்கித் தருவதை மது தடுப்பதால், இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, குறைவாக உண்டு, குடித்தவர் மயங்கி விழக்கூடும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் போதை என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவதே உயிருக்கு ஆபத்தாக முடிகிறது.

இவற்றினும் கவனம் கோருவது வைட்டமின் பி1 குறைவாகும். இச்சத்தின் சேமிப்பு உடலில் இரண்டு, மூன்று வாரங்களுக்கே போதும். அறுவைக்குப் பின் உணவு குறைகிறது, சிலருக்கு வாந்தி தொடர்கிறது. அதன்மேல் மதுவும் சேர்ந்தால், அது குடலில் இச்சத்தின் உறிஞ்சலைத் தடுத்து இருப்பையும் கரைத்துவிடுகிறது. குழப்பம், தள்ளாடும் நடை, கண்ணசைவில் கோளாறு ஆகியவை தோன்றும் இந்நிலையை வெர்னிக்கி நோய் என்பர். உடனே கவனிக்காவிடில் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடும். தள்ளாடி வருபவரிடம் மது வாடையும் வீசினால், நோயைக் குடிவெறியாகக் கொள்வது மிக எளிது. சத்து குறைந்த நிலையில் சர்க்கரை நீரை மட்டும் குருதிக் குழாயில் ஏற்றினால் நோய் முற்றக்கூடும் என்பதால், வைட்டமின் பி1 ஊசியை அதற்கு முன்னரோ அதனுடனோ போடுவது மருத்துவ வழக்கம். நோயாளியை நள்ளிரவில் தம்பின் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு வரும் குடும்பத்தினர், அவர் குடித்திருக்கிறார் என்பதைச் சொல்வதோடு, எந்த ஆண்டில் எந்த வகை இரைப்பை அறுவை செய்துகொண்டார், எத்தனை நாளாக வாந்தி உள்ளது என்பனவற்றையும் சேர்த்துச் சொன்னால், அந்த ஊசியைப் பற்றி மருத்துவர் நினைக்க வழி பிறக்கும்.