பேல் ஏல்: நாக்குக்கு முன்னாடி மூக்கு!

கிராஃப்ட் பீர் வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது ஐ.பி.யு எண்ணை. அது கசப்பின் அளவு. ஆனால் ஒரு பேல் ஏல் நன்றாக இருக்குமா என்பதை அதைவிட அடைத்த தேதிதான் சொல்லும்.

கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980-ல் தொடங்கிய சியரா நெவாடாவின் பேல் ஏலையே எடுத்துக்கலாம். ஆல்கஹால் 5.6%, ஐ.பி.யு 38. இதில் ஹீரோ, கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கொதியின் ஆரம்பத்திலேயே போட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டால் வாசனை நிற்கும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுகிற அதே லாஜிக்தான். அந்த வாசனை நாளாக ஆகக் காணாமல் போய்விடும்.

எப்படி டேஸ்ட் பண்றது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காதீங்க. அதிகக் குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். கிளாஸில் ஊற்றி, நுரை இருக்கும்போதே முகர்ந்து பாருங்க. கிரேப்ஃப்ரூட் தோல், பைன் மர வாசனை வரணும். பிறகு ஒரு வாய். முதலில் மால்ட்டின் லேசான இனிப்பு, அடுத்து கசப்பு. அந்தக் கசப்பு சுத்தமாக முடியணும்; நாக்கைப் பிடித்து இழுத்தால் மைனஸ் மார்க்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால், ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. ஸ்கங்க் என்ற விலங்கு மாதிரி நாறினால், வெளிச்சம் பட்டிருக்கலாம். பிரவுன் பாட்டில் அதைத் தடுக்கத்தான். பச்சை பாட்டில் பார்க்க மட்டும் அழகு!

இந்த பீரில் அடியில் தங்கும் கலங்கல், பாட்டிலுக்குள் வேலை செய்த ஈஸ்ட். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.