மஞ்சள் குள்ளனின் ஆயுள் ரேகை

சூரியன் ஏறக்குறைய பாதி வாழ்க்கையை முடித்துவிட்டது. மீதியில் பூமிக்குக் கிடைக்கப்போவது கொஞ்சம்தான்.

குறுக்களவில் பூமியைப் போல 109 மடங்கு. இருந்தும் வானியல் பதிவேட்டில் சூரியனுக்குக் கிடைத்த பட்டம் 'மஞ்சள் குள்ளன்'. பட்டத்தின் இரண்டு பாதியும் முழு உண்மையல்ல. விண்வெளியிலிருந்து பார்த்தால் சூரியன் வெள்ளை. மஞ்சள் பூசுவது நம் காற்றுமண்டலம். திருவாதிரை, கேட்டை போன்ற பூதங்களின் பக்கத்தில்தான் அது குள்ளன். பால்வீதியின் நட்சத்திரங்களில் சுமார் முக்கால்வாசி, சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்புக் குள்ளர்கள்.

நட்சத்திரங்களை வெப்பத்தை வைத்து ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வகுப்பு பிரிக்கிறார்கள். மிகச் சூடானது ஓ. மேற்பரப்பில் 5,500 டிகிரி செல்சியஸ் கொண்ட சூரியன் ஜி வகுப்பு. இந்த வரிசையின் சூட்சுமத்தை உடைத்தவர் ஓர் இந்தியர். நிறமாலையின் கருங்கோடுகள் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறுவது ஏன் என்ற புதிருக்கு, 1920-ல் மேகநாத் சாஹாவின் சமன்பாடு விடை சொன்னது: முக்கியமாக மாறுவது பொருள் அல்ல, வெப்பம். அதைப் பயன்படுத்தி 1925-ல் செசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று காட்டினார். நம்ப மறுத்த ஹென்றி ரஸ்ஸல் 1929-ல் அதே முடிவுக்கு வந்தார்.

அந்த ஹைட்ரஜன்தான் சூரியனின் மூலதனம். ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பமுள்ள மையத்தில் நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கும் அதிகமான நிறை, சக்தியாக மாறி வெளியேறுகிறது. 460 கோடி ஆண்டுகளாக இதே வியாபாரம். இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குக் கையிருப்பு உண்டு.

அது தீர்ந்ததும் மையம் சுருங்கும், மேலடுக்குகள் ஊதிப் பெருக்கும். குள்ளன் சிவப்பு அரக்கனாவான். புதனும் வெள்ளியும் விழுங்கப்படும். பூமி தப்புமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு. இந்த எதிர்காலத்தை இப்போதே பார்க்கலாம்: சுவாதி நட்சத்திரம். எடை ஏறக்குறைய சூரியனுடையதுதான். பருமனோ குறுக்களவில் 25 மடங்கு. கடைசியில் மேலடுக்குகள் விண்வெளியில் கலைந்துபோக, பூமியின் அளவில் ஒரு சூடான கங்கு மிஞ்சும். அதுதான் வெள்ளைக் குள்ளன். எரிய எதுவுமின்றி மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும்.

எல்லா நட்சத்திரங்களுக்கும் இப்படி அமைதியான முடிவு கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர், பயணத்தின்போதே கணக்குப் போட்டார். வெள்ளைக் குள்ளனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சூரியனைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால் தன் பாரத்தையே தாங்காமல் நொறுங்கும். 1935-ல் லண்டன் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் அதைக் கேலி செய்தார். ஆனால் கணக்கு நின்றது. 1983-ல் நோபல் பரிசும் வந்தது. மையக்கரு அந்த வரம்பை மீறும் திருவாதிரை போன்ற பெரிய நட்சத்திரங்கள் வெடித்து, நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ முடியும். நட்சத்திர உலகில் எடையே தலையெழுத்து.

சூரியனுக்கு அந்த ஆபத்து இல்லை. பூமியின் கவலை வேறு. மையத்தில் ஹீலியம் சேரச் சேர, சூரியனின் ஒளி 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அடுத்த 100 கோடி ஆண்டு வாக்கில் கடல்கள் வற்றத் தொடங்கும் என்கின்றன கணக்குகள். அரக்கன் வருவதற்கு வெகு முன்பே, வீடு குடியிருக்க லாயக்கில்லாததாகிவிடும்.

ஆனால் மனித இனத்தின் வயதே சுமார் 3 லட்சம் ஆண்டுதான். 2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று கவனிப்பது சூரியனின் மரணத்தை அல்ல, அன்றாடச் சீற்றங்களை. செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் பதம் பார்க்கக்கூடிய சூரியப் புயல்கள் 100 கோடி ஆண்டு காத்திருப்பதில்லை.