ஒரே கோப்பு, இரண்டு ஹாஷ்: லினக்ஸ் ஏற மறுத்த கதை

தாத்தா கட்டிவைத்திருந்த பழைய வார இதழ்களைச் சில மாதங்களாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 1,140 பக்கங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது; தமிழும் படிக்கும். அதையும் அதோடு ஓட்டவேண்டிய சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்களையும் லினக்ஸில் வைத்துக்கொள்வது எனக்கு வசதி. லேப்டாப்பில் இருப்பதோ விண்டோஸ், அதைக் கலைக்க மனசில்லை. சரி, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் உபுண்டு 24.04 ஏற்றிவிடலாம், அரை மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்தேன். நாலு நாள் ஆனது.

முதல் தடவை கோப்புகளைக் காப்பி செய்யும்போது பாதியில் இன்ஸ்டாலர் மூடிக்கொண்டது. இரண்டாம் தடவை முடியப்போகும் நேரத்தில் திரை உறைந்தது. மூன்றாம் தடவை மொழி தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே போச்சு. "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

விழுந்தது யார்?

விர்ச்சுவல் மெஷின் என்பது மூன்று அடுக்கு. உள்ளே கெஸ்ட், அதாவது நாம் ஏற்றும் லினக்ஸ். நடுவில் விர்ச்சுவல்பாக்ஸ். அடியில் நிஜமான லேப்டாப். எது விழுந்தாலும் நம் கண்ணுக்கு "இன்ஸ்டால் ஆகல" என்று ஒரே மாதிரிதான் தெரியும். செட்டிங்கில் கை வைப்பதற்கு முன் எந்த அடுக்கு விழுந்தது என்று பார்த்துவிட வேண்டும். நான் அதைச் செய்யாமல் கண்டதையும் மாற்றிப்பார்த்து இரண்டு நாளைத் தொலைத்தேன்.

நடு அடுக்கு விழுந்தால் விர்ச்சுவல்பாக்ஸே சொல்லிவிடும். "குரு மெடிடேஷன்" என்று ஒரு செய்தி வரும். பழைய அமிகா கணினிகளிடமிருந்து கடன் வாங்கிய பெயர். குரு தியானத்தில் உட்கார்ந்துவிட்டார் என்றால் மெஷின் மெனுவில் இருக்கும் லாகைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. லாகிலும் சத்தமில்லை.

அடுத்து, வழக்கமான சந்தேகப் பேர்வழிகள்:

- ராம் போதாமை: உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபியாவது வேண்டும். குறைவாகக் கொடுத்தால் கெர்னலே இன்ஸ்டாலரைக் கொன்றுவிடும். நான் 4 கொடுத்திருந்தேன், 6 ஆக்கியும் பார்த்தேன்.
- வெளியே டிஸ்க் நிரம்புவது: உள்ளே 25 ஜிபி காலியாகத் தெரியும். ஆனால் அது தேவைக்கேற்ப வளரும் கோப்பு. வெளியே இடமில்லை என்றால் மெஷின் அப்படியே நிற்கும். எனக்கு இடம் இருந்தது.
- ஹைப்பர்-வி: விண்டோஸில் அது ஓடினால் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழே பச்சை ஆமை தெரியும். ஆமை வேகம்தான். என்னிடம் ஆமை இல்லை.
- திரை கருப்பாவது: 3டி முடுக்கத்தை அணைத்துப் பார்க்கலாம். எனக்குப் பிரச்சினை திரையில் இல்லை.
- கெட்டுப்போன ஐஎஸ்ஓ: கிட்டத்தட்ட 6 ஜிபி கோப்பு, இறங்கும்போது பழுதாகலாம். ஷா256 ஹாஷ் எடுத்து உபுண்டு வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

எல்லாமே சரி. ஆனாலும் ஏறவில்லை!

விழும் இடம் மாறுகிறதா?

மூன்றாம் நாள் ராத்திரிதான் உறைத்தது. செட்டிங் தவறோ கெட்ட ஐஎஸ்ஓவோ என்றால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழ வேண்டும். எனக்கு விழும் இடம் ஒவ்வொரு தடவையும் வேறு. அடியில் ஏதோ ஆடுகிறது.

மறுபடி ஓடவிட்டு, அது தடுமாறியதும் வலப்பக்க கன்ட்ரோலோடு எஃப்3 அழுத்தி உரைத்திரைக்குப் போய்க் கெர்னல் பதிவைப் பார்த்தேன். ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை, சுருக்கத்தைப் பிரிக்க முடியவில்லை, தரவு கெட்டிருக்கலாம் என்று வரிசையாக வந்திருந்தது. கோப்பு சரி என்று ஹாஷ் சொல்கிறது, கெட்டது என்று கெர்னல் சொல்கிறது. யாரை நம்புவது?

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்துவிட்டு அதே கோப்புக்கு மறுபடி ஹாஷ் எடுத்தேன். ரீஸ்டார்ட் எதற்கென்றால், ஏற்கெனவே படித்த கோப்பை விண்டோஸ் ராமிலேயே வைத்திருந்து அதையே திரும்பக் காட்டும். இந்த முறை ஹாஷ் பொருந்தவில்லை. இன்னொரு ரீஸ்டார்ட், இன்னொரு தடவை. பொருந்தியது!

யாரும் தொடாத கோப்புக்கு இரண்டு ஹாஷ் வர வழியே இல்லை. படிக்கிற கண்ணில்தான் கோளாறு. இரண்டு மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட 8 ஜிபி ராம் ஞாபகத்துக்கு வந்தது. மெம்டெஸ்ட்86+ஐ யுஎஸ்பியில் ஏற்றி, அதில் பூட் செய்து ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள். அந்த ராமைக் கழற்றிவிட்டு, பழையதை மட்டும் வைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. காலையில் உபுண்டு இருபது நிமிடத்தில் ஏறியது.

விண்டோஸ் ஏன் வாயே திறக்கவில்லை?

திறந்துதான் இருக்கிறது. பிரவுசர் அவ்வப்போது மூடிக்கொண்டதை நான் பிரவுசரின் குற்றம் என்று விட்டுவிட்டேன். சாதாரண உரையில் ஒரு பிட் மாறினால் ஒரு எழுத்துதான் மாறும், படித்துவிடலாம். சுருக்கிய தரவு சிக்குக் கோலம் மாதிரி. ஒரு புள்ளி இடம் மாறினால் கோடு போய் முட்டாது. இன்ஸ்டாலர் பல ஜிபி சுருக்கிய தரவை ஒரே மூச்சில் பிரிக்கிறது; விர்ச்சுவல் மெஷினோ வழக்கமாக யாரும் எட்டாத ராம் மூலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அது முதலில் கத்தியது.

அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த இரண்டு மாதமும் ஸ்கேன் படங்களை மெமரி கார்டிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றியது இதே ராம் வழியாகத்தானே! கார்டுகளை அந்த வாரம் அழிப்பதாக இருந்தேன். உடனே இரண்டு பக்கமும் ஹாஷ் எடுத்து ஒப்பிட்டேன். 1,140இல் 4 படங்கள் பொருந்தவில்லை. ஒன்றில் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் பட்டை. மற்ற மூன்றும் கண்ணுக்கு ஒழுங்காகத்தான் தெரிந்தன. நாலையும் கார்டிலிருந்து திரும்ப எடுத்தேன். ஒரு வாரம் தாமதித்திருந்தால் எடுக்க எதுவும் இருந்திருக்காது. அந்த இதழ்களில் சில ஸ்கேன் செய்யும்போதே கையில் பொடிந்துவிட்டன.

ஆகவே உங்கள் மெஷினும் பாதியில் விழுந்தால், ஒரே மாற்றம்கூடச் செய்யாமல் மூன்று தடவை ஓடவிட்டு, எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரே இடம் என்றால் செட்டிங், ஐஎஸ்ஓ, டிஸ்க் இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இடம் மாறிக்கொண்டே இருந்தால் லினக்ஸைத் திட்டாமல் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். அது முடியும்வரை எந்த அசலையும் அழிக்காதீர்கள்.

நான் இப்போது கோப்பு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஹாஷ் ஒப்பிடுகிறேன். அதற்கான ஸ்கிரிப்ட் அந்த உபுண்டுவுக்குள்தான் ஓடுகிறது.